உப்பு அழக்கூடாது, அப்பளம் உடையக்கூடாது

ஆலையின் பணியாளர் பதிவேட்டில் அவரைப் பற்றிய குறிப்பு இது: “சின்னப்பொண்ணு. பெண். வயது 28. கல்வி இல்லை. வகை: திறனற்றவர். பணி: பெருக்குதல், மெழுகுதல். கருவிகள், இயந்திரங்கள் எதையும் கையாளத் தகுதியற்றவர்.”

1991ஆம் ஆண்டு நிலவரப்படி இதில் ‘பெண்’ என்ற ஒரு சொல்லை மட்டும்தான் ஆட்சேபிக்க முடியாது. வயது, வேலைக்குச் சேர்ந்த அன்று எழுத்தர் முகத்தைப் பார்த்துப் போட்டது. அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. அவருடைய மூத்த மகள் சசிகலாவுக்கே அப்போது இருபத்து நான்கு. பெயரும் பொருந்தவில்லை. ஆலையின் பின்வாசலில் தலை குனிந்து நுழைய வேண்டிய இருவரில் சின்னப்பொண்ணு ஒருவர். மற்றவர் லாரி ஓட்டுநர். மெழுகுதல் என்ற வேலைக்கோ அங்கே சாணமும் இல்லை, மண் தரையும் இல்லை. எல்லாம் சிமெண்டு. ‘திறனற்றவர்’ என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் அப்போது வயலும் ஏரியும்தான் அதிகம், ஆலைகள் குறைவு. இந்த ஆலை, உருக்கு உலைகளின் உட்புறம் பதிக்கிற, சூடு தாங்கும் செங்கல்லைச் செய்தது. சுற்றுவட்டாரக் குழிகளிலிருந்து களிமண் வரும். அரவை இயந்திரத்தில் மாவாகும், அச்சில் கல்லாகும், உலர்த்தும் அறையில் நாள்கணக்கில் காயும், பிறகு சூளைக்குப் போகும்.

அலுவலகக் கட்டடத்துக்கு ஒரு நிலவறை இருந்தது. அந்தப் பக்கத்தில் நிலத்தைத் தோண்டினால் கிணறு கிடைக்கும் என்பதால் அறை கட்ட யாரும் தோண்டுவதில்லை. முதலாளி எந்த ஊரிலோ பார்த்துவிட்டு வந்து கட்டினார். முதல் மழையிலேயே அறையும் கிணறாக முயன்றது. அதன்பின் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. எனவே ஆலையின் மண்ணியலாளர் கோதண்டராமனுக்குக் கொடுத்தார்கள்.

கோதண்டராமனின் உத்தியோகம் நல்ல களிமண்ணைக் கண்டுபிடித்து அரவைக்கு அனுப்புவது. அவருடைய ஆசை அதே களிமண்ணை அரவையிலிருந்து காப்பாற்றுவது. குழிகளின் அடியில், களிமண் இறுகி ஏடு ஏடாகப் பாறையான பகுதிகளில், பழங்காலத்து இலைகளின் அச்சு கிடைக்கும். பனங்கீற்றை விரல் நீளத்துக்குச் சுருக்கியதுபோலச் சில, பெரணி போலச் சில. வயது ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி ஆண்டு. இருபத்திரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு இலைக்கற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி, எங்கே எப்போது எடுத்தது என்று சீட்டு வைத்து, இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தார். குழி வெட்டுகிறவர்கள் அவரை ‘எலக்கல்லு சார்’ என்றார்கள். மரியாதையாகத்தான்.

1991 ஜூனில் ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் இறுதியில் கோதண்டராமன் ஓய்வு பெறுகிறார். ஜனவரி முதல் நிலவறை ரசாயனப் பீப்பாய்களுக்குத் தேவை. கற்களைச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத் துறை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் டிசம்பர் முதல் வாரம் நேரில் வந்து பார்ப்பார்கள். கற்கள் முழுசாக இருக்க வேண்டும், சீட்டுகள் படிக்கும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை நிர்வாகம் ஒரே வரியில் தெளிவாக்கியிருந்தது: “மாதிரிகளை அரவைக்கு அனுப்பலாம்.” தவறு சொல்ல முடியாது. அவை களிமண்தானே.

நிலவறையின் சுவர்களில் ஓதம் ஏறியிருந்தது. சீட்டுகளில் பூஞ்சை. சில கற்களில் உப்புப் பூத்திருந்தது. கோதண்டராமன் காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானி ஒன்றை வாங்கி மாட்டினார். முள் எண்பத்தைந்தைக் காட்டியது. அவர் கலவரப்பட்டு, உலர்த்தும் அறைக்குப் பொறுப்பான பொறியாளர் கோபிநாத்தை அழைத்தார். கோபிநாத் சுறுசுறுப்பானவர். இரண்டே நாளில் ஒரு மின்சார ஹீட்டர், அதற்குப் பின்னால் ஒரு விசிறி, ஈரத்தை உறிஞ்சத் தட்டுத்தட்டாகச் சுட்ட சுண்ணாம்பு. ஜூலை இரண்டாம் வாரத்தில் முள் முப்பத்தைந்துக்கு இறங்கியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த அறையைப் பெருக்குகிற வேலை சின்னப்பொண்ணுவுடையது. ஒரு காலை அவர் துடைப்பத்தோடு நேரே மேலே ஏறி வந்து கோதண்டராமனின் மேசைக்கு முன் நின்றார்.

“சார், கல்லு வெடிக்குது.”

“எந்தக் கல்லும்மா?”

“உங்க எலக்கல்லு தான். கீய பெருக்கிகினு இருந்தேன். டிக்கு டிக்குனு சத்தம். கடியாரமோன்னு பாத்தேன். அங்க ஏது கடியாரம்?”

“பூச்சி ஏதாவது இருக்கும்.”

“பூச்சி இல்ல சார். பச்சக்கல்லு வெயில்ல காஞ்சா இப்டித்தான் சத்தம் வுடும். நெழல்ல போட்டு, சாக்கு போத்தி, மெல்ல மெல்லக் காய வெக்கணும். நீங்க இன்னாடான்னா ஈட்டரு வெச்சிகிறீங்க.”

இங்கே பதிவேட்டில் இடமில்லாத ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆலைக்கு வரும் முன் சின்னப்பொண்ணு பதினான்கு வருடம் மணிமங்கலம் பக்கத்துச் சூளைகளில் கல்லறுத்தவர். கல்லறுப்பது என்றால் பாறையை அறுப்பதல்ல. சேற்றை மிதித்து அச்சில் அடித்துச் செங்கல் வார்ப்பது. சூளைக்காரர்களுக்கு உலகத்தில் கல் என்றால் செங்கல்தான். அது இரண்டு வகை: சுட்டகல், பச்சைக்கல். மற்றதெல்லாம் பாறை, ஜல்லி, யாரோ ஒருவருடைய கவலை. ஆகவே ‘எலக்கல்லு’ என்று எல்லாரும் சொன்னதை அவர் தன் அகராதிப்படியே எடுத்துக்கொண்டார். யாரோ இலையை வைத்து வார்த்து, சுடாமல் விட்டுவிட்ட செங்கல்.

கோதண்டராமன் சிரித்தார்.

“பச்சைக்கல்லா? இதுக்கு வயசு என்ன தெரியுமா? பன்னெண்டு கோடி வருஷம்.”

“இருக்கட்டும். சுட்டாங்களா?”

“என்னது?”

“பன்னெண்டு கோடி வருசத்துல யாராச்சும் சுட்டாங்களான்னு கேக்கறேன்.”

யாரும் சுடவில்லை. மண்ணியல் நூல்களும் வேறு மொழியில் அதைத்தான் சொல்கின்றன: வண்டல் படிந்து, மேலிருந்த பாரத்தில் இறுகி, ஏடானது. நெருப்பைக் கண்டதில்லை. கோதண்டராமன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோபிநாத்தைக் கேட்டார். கோபிநாத் கீழே போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து, “முப்பத்தஞ்சு சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவானது.

கோபிநாத்தின் நிலைமையில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே உலர்த்தும் அறையில் அவர் தினமும் தொழிலாளிகளைத் திட்டுவது ஒரே காரணத்துக்காக: கல்லை அவசரப்பட்டுக் காய வைக்காதே, வெடித்துவிடும். இதே மனிதர் பன்னிரண்டு படி கீழே இறங்கியதும் அதே களிமண்ணுக்கு ஹீட்டர் போட்டார். மேலே இருந்தது கல். கீழே இருந்தது ‘ஸ்பெசிமென்’. படித்தவர்களுக்கு ஒரு பொருளின் பெயர் மாறினால் குணமும் மாறிவிடுகிறது.

சின்னப்பொண்ணு ஒரு வாரம் காத்திருக்கவில்லை. விசிறியை நிறுத்தினார். ஹீட்டர் கம்பியைப் பிடுங்கினார். காற்றுத் துவாரங்களை அடைத்தார். சாக்குகளை நனைத்துப் பிழிந்து படிக்கட்டில் தொங்கவிட்டார், கற்களின் மேல் வைக்கோல் பரப்பினார். மூன்றாம் நாள் கோபிநாத் கீழே இறங்கினார்.

அடுத்த நாள் காலை, வருகை பதிகிற டைம் ஆபீஸில் எழுத்தர் முனிரத்தினம் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார்.

“யக்கா, உன் பேருக்கு லவ் லெட்டர் வந்துகீது.”

“எந்தக் கெயவன் எய்தினான்? படி.”

“மேனேஜரு. இங்கிலீஷ்ல. ‘நிறுவனத்தின் பொருள்களுக்குக் கெடுதல் செய்யும் நோக்கத்தோடு’... கெடுதல்னா இன்னான்னு தெரியுமா?”

“வேலைய வுட்டுட்டு உன்னாண்ட பேசிகினு நிக்கிறது தான் கெடுதல். மேல படி.”

“‘நிலவறையில் ஈரச் சாக்கு தொங்கவிட்டது ஏன், இயந்திரத்தை நிறுத்தியது ஏன் என்று நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.’”

“எய்த்து மூலமா? எனக்கு எய்தத் தெரியாதுன்னு அவங்களே தானே எய்தி வெச்சிகிறாங்க?”

“நான் எழுதறேன், நீ கைநாட்டு வெய்யி. தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிக்கோங்கன்னு போடறேன். இன்னா?”

“தெரிஞ்சி தான் செஞ்சேன். அப்டியே போடு.”

“யக்கா, வேல பூடும்.”

“கல்லு பூட்டா மட்டும் எனக்கு அங்க இன்னா வேல? போடு.”

ஆக, நிர்வாகத்துக்குப் போன விளக்கம் இரண்டு வாக்கியம்தான்: “தெரிந்துதான் செய்தேன். அது பச்சைக்கல்.” கீழே பெருவிரல் ரேகை.

கருத்துக் கேட்டு அது கோதண்டராமனிடம் வந்தது. அவர் பூதக்கண்ணாடியோடு நிலவறைக்குப் போனார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. ஹீட்டர் ஓடிய நாட்களில் நாற்பத்தொரு கற்கள் ஏடு ஏடாகக் கழன்றிருந்தன. தொட்டால் இலை உதிர்ந்தது. பன்னிரண்டு கோடி வருடம் நிலைத்தது பன்னிரண்டு நாளில் போயிருந்தது. ஆனால் அவர் அழுது பயனில்லை என்று அறிந்த விஞ்ஞானி. அலமாரிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, நடுவில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டார். அலமாரி இல்லாத பக்கம், இலையச்சு இல்லாத நான்கு சாதாரணக் கற்களை வைத்துக் கோபிநாத்தின் முறை. அலமாரிகள் இருந்த மறு பக்கம் அதேபோல நான்கு, சின்னப்பொண்ணுவின் முறை. இரண்டு வாரம். யாரும் யார் பக்கத்தையும் தொடக்கூடாது. மெமோ அதுவரை நிலுவையில் இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினார்.

ஆகஸ்ட் இறுதியில் திரையை விலக்கினார்கள். கோபிநாத் பக்கத்து நான்கும் ஏடு ஏடாக விரிந்திருந்தன. சின்னப்பொண்ணு பக்கத்து நான்கும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்து அலமாரிச் சீட்டுகளில் பச்சைப் பூஞ்சை மயிர் போல வளர்ந்திருந்தது. கோபிநாத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“பாத்தீங்களா சார்? ஈரம் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்.”

“காயிதத்துக்குக் கூடாது. கல்லுக்கு வேணும்,” என்றார் சின்னப்பொண்ணு. “மாமியாரும் மருமவளும் ஒரே ரூம்புல இன்னாத்துக்கு? தனியா வெய்யுங்க.”

கோதண்டராமன் தயங்கினார். சீட்டு மாறினால் கல் வெறும் கல். எழுதப் படிக்கத் தெரியாதவர் அறுநூறு சீட்டைப் பிரிப்பதா? சின்னப்பொண்ணு ஒரு கல்லைத் திருப்பி அதன் முதுகில் இருந்ததை வாசித்தார்: “நானூத்தி அம்பத்தி ஏயு.” சூளையில் கல்லை எண்ணத் தெரியாதவர் ஒரு நாள் நிற்க முடியாது. எழுத்துதான் அவருக்குத் தெரியாது, எண் நன்றாகத் தெரியும். ஒரு வாரத்தில் சீட்டுகள், பூஞ்சையைத் துடைத்த பிறகு, பிஸ்கட் டப்பாக்களில், எண் வரிசையில், சுண்ணாம்புப் பொட்டலத்தோடு மாடிக்குப் போயின. கோதண்டராமன் இரண்டு முறை சரிபார்த்தார். ஒன்றும் மாறவில்லை. சற்று ஏமாற்றமடைந்தவர் போல இருந்தார்.

மீதிக் கேள்வி ஒன்றுதான். கல்லுக்கு ஈரம் வேண்டும், சரி. எவ்வளவு? எண்பத்தைந்தில் உப்புப் பூக்கிறது, முப்பத்தைந்தில் வெடிக்கிறது. சின்னப்பொண்ணு அலமாரியில் ஒரு சாசரில் கல்லுப்பும் பக்கத்தில் பொரிக்காத அப்பளம் ஒன்றும் வைத்திருப்பதைக் கோதண்டராமன் கவனித்தார்.

“இது என்னம்மா, சமையலா?”

“உப்பு அயக்கூடாது சார். அப்பளம் ஒடையக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா கல்லு அது பாட்டுக்குக் கெடக்கும்.”

“யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? வூட்ல பாக்கறது தானே. உப்பு கசிஞ்சிதுன்னா காத்துல தண்ணி ரொம்பக் கீதுன்னு அர்த்தம். அப்பளம் வளைஞ்சா தேவல, படக்குனு ஒடைஞ்சா காத்து காஞ்சி பூட்ச்சி.”

கோதண்டராமன் பதினொரு நாள் உட்கார்ந்து குறித்தார். ஒரு பக்கம் ஈரமானி, ஒரு பக்கம் சாசர். முள் எழுபத்தைந்தைத் தாண்டும்போதெல்லாம் உப்பு கசிந்தது. ஐம்பதுக்குக் கீழே இறங்கியபோது அப்பளம் ஒடிந்தது. சமையலுப்பு எந்த ஈரத்தில் நீரை இழுக்கத் தொடங்கும் என்பதை அவர் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவர். அதே உப்பு தன் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் படிப்பு சொல்லவில்லை. அக்டோபரில் ஈரமானியின் முள் அறுபதில் சிக்கி நின்றுவிட்டது. வெளியே மழை கொட்டும்போதும் அறுபது, நின்ற பிறகும் அறுபது. அதன்பின் உப்பும் அப்பளமும்தான்.

மழைக்காலத்தில் சின்னப்பொண்ணு செய்தது இது. சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய உடைசல் கற்களைக் கீழே கொண்டுவந்து, ஓதமடித்த சுவரோரம் அடுக்கினார். நன்றாகச் சுட்ட கல் தண்ணீரைக் குடிக்கும். காலையில் வைத்த கல் மாலையில் கனக்கும். அதை மேலே அனுப்பிவிட்டு வேறு அடுக்குவார். உப்பு அழுதால் உடைசல் அதிகம், அப்பளம் ஒடிந்தால் ஒரு ஈரச் சாக்கு. கீழே ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்க விடவில்லை. மேலாளர் நான்கு விருந்தாளிகளோடு வந்தபோது, “ஒவ்வொருத்தரா வாங்க, மூச்சே ஈரம்” என்று படியிலேயே நிறுத்தினார். மெமோ இன்னும் நிலுவையில்தான் இருந்தது.

டிசம்பர் நான்காம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் காஞ்சனா வருவதாக இருந்தது. அதற்கு முன் மூன்று நாள் விடாத மழை. அன்று காலை பளீரென்று வெயில். மேலாளர் நிலவறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன நாத்தம் இது! வைக்கோலும் சாக்கும்! அவங்க வர்றதுக்குள்ள எல்லாத் துவாரத்தையும் தொறந்து விடுங்க. வெயில் வந்தாச்சு இல்ல?”

சின்னப்பொண்ணு கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தொறக்க மாட்டேன் சார். மய வுட்டு வெயில் அடிச்சா மண்ணு ஆவி வுடும். அது உள்ள பூந்தா கல்லு வேர்த்துடும்.”

“கல்லு வேர்க்குமா? கோதண்டராமன், இந்தம்மா என்ன பேசறாங்க?”

விருந்தாளிக்காக ஒரு தட்டில் குளிர்பானப் பாட்டில்கள் அப்போதுதான் வந்திருந்தன. வெளியே எல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சின்னப்பொண்ணு கையை நீட்டினார்.

“அந்த பாட்டிலு மேல யாரு தண்ணி ஊத்துனது? கீய கல்லும் அது மாதிரிதான் குளுந்து கெடக்குது.”

மேலாளர் பாட்டிலைப் பார்த்தார். கோதண்டராமனைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் மேலதிகாரியிடம் ஒரு முறையும் மறுத்துப் பேசாத கோதண்டராமன், “கதவு மூடியே இருக்கட்டும் சார்” என்றார்.

காஞ்சனா வந்தார். நாற்றத்துக்காக மேலாளர் மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்லை, பூஞ்சை நாத்தம் இல்லை, வைக்கோல் நாத்தம்தானே” என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கீழே போனார். தன் விருப்பத்துக்கு முப்பது கற்களை எடுத்து விளிம்பு பார்த்தார், நகத்தால் தட்டினார், மாடியிலிருந்து அவற்றின் சீட்டுகளை வரவழைத்து ஒப்பிட்டார். இரண்டு மணி நேரம் ஆனது. கோதண்டராமன் அந்த இரண்டு மணி நேரமும் மாடிப்படிக்கும் நிலவறைப் படிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். மேலே வந்த காஞ்சனா கேட்ட முதல் கேள்வி கற்களைப் பற்றியதல்ல.

“அலமாரியில அப்பளம் எதுக்கு?”

சின்னப்பொண்ணு சொன்னார். காஞ்சனா நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

“அப்பளம் உளுந்துதானா? கடையில வாங்கினதா, வீட்ல செஞ்சதா?”

“கட அப்பளம் மா. வாலாஜாபாத்து. வூட்டு அப்பளத்துல மொளகு போட்ருவாங்க, நெறம் தெரியாது,” என்றவர், சற்று யோசித்து, “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கட அப்பளம் மெல்லிசு, அதான்” என்று திருத்தினார். காஞ்சனா இரண்டையும் எழுதிக்கொண்டு, பிறகு முதலாவதை அடித்தார்.

ஐந்நூற்று எழுபத்தொரு கற்களை எடுத்துக்கொள்வதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஹீட்டரில் கழன்ற நாற்பத்தொன்றையும் நிர்வாகத்தின் முந்தைய தீர்மானப்படி அரவைக்கு அனுப்பினார்கள். முனிரத்தினம் இதை ஒரு துக்கச் செய்தியாகக் கொண்டுவந்து சொன்னார். சின்னப்பொண்ணு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“அதுங்களாச்சும் சுட்டகல்லு ஆவட்டும்,” என்றார்.

மெமோவுக்கு என்ன ஆனது என்று கோப்பில் தகவல் இல்லை. கோபிநாத், காஞ்சனாவின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு, உலர்த்தும் அறையில் ஒரு சாசர் உப்பு வைத்தார். அது யாருடைய யோசனை என்று தொழிலாளிகள் கேட்டபோது ‘ஸ்டாண்டர்டு மெத்தட்’ என்று சொன்னாராம்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை, பல்கலைக்கழகத்தின் லாரி வந்தது. சின்னப்பொண்ணு ஐந்நூற்று எழுபத்தொரு கற்களையும் ஒவ்வொன்றாக எண்ணை வாசித்து, வைக்கோல் சுற்றி, சற்றே ஈரமான சாக்கில் கட்டி, பன்னிரண்டு படி ஏறிக் கொண்டுவந்து வண்டியில் அடுக்கினார். வழியில் ஒன்றும் உடையவில்லை.